மறுபக்கம் நின்றவள்

றம்லா என்ற பெயரைச் சல்மா உம்மா முதன்முதலில் கேட்டது, தம்பி அச்சிமுகம்மதுக்குப் பெண் பார்க்கப் போய்விட்டு வந்த பெரிய மாமியின் வாயிலிருந்து. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வருடம் இருக்கும். மாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றபடியே விவரம் சொன்னாள். சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம், கரைவலை வைத்திருக்கும் சம்மாட்டி மீராசாகிபின் இரண்டாவது பெண், தாய் வழியில் பார்த்தால் நம் மூத்தப்பாவின் தங்கை வயிற்றுச் சொந்தம்தான், சீதனமாகக் கல்வீடு, ஓதி முடித்தவள், நிறத்தில் குறைவில்லை, பெயர் றம்லா. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னவள், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஒரு சங்கதிதான். புள்ள இடக்கை" என்றாள்.

சல்மா உம்மாவின் தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், சுளகைக் கீழே வைத்தார். சோறும் அந்தக் கையாலா என்று கேட்டார். இல்லையாம், அதை மட்டும் பழக்கி எடுத்துவிட்டார்களாம். ஏழு வயதுவரை அவளது இடக்கையைச் சீலைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் தாய்க்காரி சோற்றுக் கோப்பையை முன்னால் வைப்பாளாம். அப்படிச் சோறு வலக்கைக்கு வந்துவிட்டது. கூட்டுவது, தைப்பது, மீன் வெட்டுவது, எழுதுவது எல்லாம் இன்னும் மற்றக் கைதான். தாய் கொஞ்ச நேரம் யோசித்தார். கல்வீடு என்றதையும் சேர்த்து யோசித்திருப்பார் போல, சரி என்றுவிட்டார்.

இந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். ஆகவே றம்லாவை நாளாந்தம் பார்க்கும் வாய்ப்பு மாப்பிள்ளை வீட்டாருக்கு இல்லை. நல்லது கெட்டதில்தான் கண்டார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்களோடு அவளை ஒரு சஹனில் உட்கார வைத்தார்கள். பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் போட்டு, ஆறு பேர் சுற்றியிருந்து, அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் சோத்துக்கையால் எடுத்துச் சாப்பிடுவதுதான் சஹன். மற்ற ஐந்து பேருக்கும் சோத்துக்கை பிறப்போடு வந்தது. றம்லாவுக்கு அது பழகி வந்தது. பிசைந்த சோறு விரலுக்குள் நிற்காமல் உதிர்ந்தது. இறைச்சித் துண்டு நழுவி மற்றவள் பக்கம் போனது. பக்கத்தில் இருந்த சல்மா உம்மா ஒன்றைக் கண்டார். மடியில் கிடந்த அவளது இடக்கை இரண்டு அங்குலம் எழும்பி, திடுக்கிட்டதுபோல் மறுபடி போய்ப் படுத்துக்கொண்டது.

"என்ன புள்ள, கைக்கு விலங்கா போட்டிரிக்காங்க?" என்றாள் பெரிய மாமி. பெண்கள் சிரித்தார்கள். றம்லா வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லி எழுந்து கை கழுவினாள். ஐந்து பிடிதான் உள்ளே போயிருக்கும். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் அவளுக்கு ஐந்து பிடியோடு வயிறு நிறைந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவாள் என்று சல்மா உம்மாவுக்குத் தெரியும். எந்தக் கையால் என்று அவர் கேட்டதில்லை.

அச்சிமுகம்மது நல்லவன். சும்மா சொல்லக்கூடாது, பெண்சாதியின் கையைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. பதினெட்டு வருடம் ஒன்றாக இருந்தார்கள். றிபா என்று ஒரே மகள். சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அன்று காலையில் அவன் மாமனாரின் வலைக்கு நூல் போட்டபடி கடற்கரை வாடியில் இருந்தான்; வாடியோடு போய்விட்டான். தாயும் மகளும் மா இடிக்கவென்று மேற்கே சல்மா உம்மா வீட்டுக்கு வந்திருந்ததால் தப்பினார்கள். கல்வீட்டில் மிஞ்சியது அத்திவாரம் மட்டும். அதன் மேலும் கட்ட விடமாட்டோம் என்றது அரசாங்கம், கடலுக்குக் கிட்ட என்று. சல்மா உம்மா தன் வளவிலேயே ஒரு அறையும் குசினியும் இறக்கிக் கொடுத்தார். அந்த அறையில்தான் றம்லா வெளியே இறங்காமல் புருஷனுக்கான இத்தா இருந்து முடித்தாள். முடித்த கையோடு பழைய தையல் மெசின் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

மையித்துக் குளிப்பாட்டுவது, இறந்தவரின் உடலைக் கழுவிக் கொடுப்பது, சல்மா உம்மாவுக்குத் தாயிடமிருந்து வந்த வேலை. கூலிக்கு அல்ல, நன்மைக்கு. பெண் மௌத்தானால் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும்; அதற்கு மனம் வருகிறவர்கள் பள்ளிவாசலைச் சுற்றிய மகல்லாவில் நாலு பேர் தேறமாட்டார்கள். கடலுக்குப் பிறகு அதிலும் ஒருத்தி குறைந்துபோனாள். ஒருநாள் மௌத்து வீட்டிலிருந்து ஆள் வந்து நின்றபோது, வேறு யாரையும் காணாமல், தைத்துக்கொண்டிருந்த றம்லாவை வரச் சொன்னார் சல்மா உம்மா.

குளிப்பாட்டுவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் இடக்கையில் சீலை சுற்றிக்கொண்டு, போர்த்தியிருக்கும் துணிக்குக் கீழால் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல், மையித்தின் கீழ்ப்பாகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு தொழுகைக்குக் கழுவுவதுபோல் முகமும் கைகாலும் கழுவி உளூச் செய்வித்து, தலை கழுவி, உடம்பை வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கத்தில் முடிக்க வேண்டும். முதல் வேலைக்கு ஒருவரும் முந்துவதில்லை. அருவருப்பு மட்டும் காரணமல்ல. சோத்துக்கைக்காரிக்கு இடக்கை சொல்வழி கேட்காது. சீலை நழுவும், தண்ணீர் தெறிக்கும், மையித்து உலையும். அன்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். றம்லா சீலையை எடுத்து இடக்கையில் சுற்றினாள்.

அந்தக் கை போன போக்கைச் சல்மா உம்மா அன்றுதான் கண்டார். உறங்குகிற பிள்ளையின் ஈரத்துணியை மாற்றுவதுபோல் இருந்தது. உடம்பு அசையவில்லை, துணி விலகவில்லை, சொட்டுத் தண்ணீர் வீணாகவில்லை. நோய்ப்பட்டுக் கிடந்து போனவர்கள், அறுத்துத் தைத்து ஆசுபத்திரியிலிருந்து வந்தவர்கள், பிள்ளைப்பேற்றில் போனவர்கள் எல்லோரும் பிறகு அந்தக் கைக்கு வந்தார்கள். அது அவளுடைய வேலையாகிவிட்டது. யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை. மற்றவர்கள் ஒரு எட்டுப் பின்னால் நின்றார்கள், அவ்வளவுதான்.

றம்லா மையித்தின் இடப்பக்கம் நிற்பாள். அந்தப் பக்கம் நின்றால்தான் அவளுக்குக் கை ஓடும். சல்மா உம்மா எதிரே, வலப்பக்கம். தண்ணீர் வார்ப்பதும் பக்கம் கழுவுவதும் அவருடைய பொறுப்பு. பதினெட்டு வருடம் இப்படியே நின்றார்கள். கொரோனா காலத்தில் நோய்ப்பட்டுப் போன மையித்துகளைக் குளிப்பாட்ட விடாதபோதுதான் இருவரும் வளவுக்குள் கிடந்தார்கள், தொலைபேசி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒருவரையொருவர் பார்த்தபடி. அது போய்ப் பழையபடி வேலை தொடங்கியதும் பழையபடி நின்றார்கள். சல்மா உம்மாவுக்கு வலம் எது இடம் எது என்று பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை. அவர் பக்கம் கிடப்பதுதான் வலம்.

குளிப்பாட்டி முடிந்த பிறகு அயல்வீட்டார் சோறு கொண்டுவருவார்கள். மௌத்து வீட்டில் அன்று அடுப்பு மூட்டுவதில்லையே. சோற்றுச் சட்டிக்குக் கிட்ட றம்லா போனால், "நீ இரி புள்ள, நாங்க போடுறம்" என்று யாராவது அகப்பையை வாங்கிக்கொள்வார்கள். நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். கையுறை வந்து, சீலை சுற்றுவது நின்ற பிறகும் அது நிற்கவில்லை. ஒருநாள் வீட்டுக்கு நடந்து வரும்போது றம்லா சொன்னாள்: "உசிரோட இரிக்கக்குள்ள என்னை ஒருத்தரும் கூப்பிடுறல்ல மதினி." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சல்மா உம்மாவுக்குக் கால் வலித்தது, சிரிக்கவில்லை.

சரீப் ஹாஜியாரின் பெண்சாதி மௌத்தானது போன வருடத்துக்கு முந்தின வருடம், நோன்பு கழிந்து ஒரு மாதத்தில். ஹாஜியாருக்குக் கல்முனைப் பசாரில் புடவைக்கடை. ஒரே மகள் றிப்னா, பெண்கள் மத்ரசாவில் ஓதிக் கொடுப்பவள். வெயில் நெருப்பாய் எரிந்த நாள். வீட்டுக்குப் பின்னால், குசினிச் சுவருக்கும் புதிதாய்க் கட்டிய மதிலுக்கும் நடுவே திரை கட்டி, பள்ளிவாசலிலிருந்து வந்த குளிப்பாட்டும் கட்டிலைப் போட்டிருந்தார்கள். இடம் ஒடுக்கம். கட்டிலை ஒரு விதமாகத்தான் போட முடிந்தது; தண்ணீர்க் குழாயும் வாளிகளும் மையித்தின் இடப்பக்கமாக அமைந்துவிட்டன. தண்ணீர் வார்க்கிறவர் தண்ணீர்ப் பக்கம்தானே நிற்க வேண்டும். சல்மா உம்மா அங்கே நின்றார். றம்லா முதல் தடவையாக வலப்பக்கம் போனாள். தலைமாட்டில் துணி பிடித்து நின்றவள் றிப்னா. பிள்ளைக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

றம்லா தன் வேலையைச் செய்தாள். அந்தப் பக்கம் நின்று அவளுக்குக் கை பின்னியது, என்றாலும் செய்தாள். உளூவும் ஆயிற்று, தலையும் கழுவியாயிற்று. சல்மா உம்மா வாளியில் மொண்டு, தன் பக்கம் கிடந்த தோளில் வார்க்கப் போனார்.

"மதினி, இந்தப் பக்கம்" என்றாள் றம்லா, மெதுவாக.

பக்கம் மாறி நிற்கிறாள், அதனால் அவளுக்குத்தான் தடுமாறுகிறது என்று நினைத்தார் சல்மா உம்மா. முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. வெளியே அஸர் தொழுகைக்கு முன்னம் அடக்க வேண்டும் என்று ஹாஜியாரின் தம்பிமார் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். "நீ துணியப் புடி" என்று சொல்லிவிட்டு வார்த்தார். றம்லா துணியைப் பிடித்தாள்.

எல்லாம் முடிந்து, துடைத்து, வலக்கை மேலே வரும்படி இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் சேர்த்து வைக்கும் நேரம். தன் பக்கத்துக் கையைத் தூக்கி மேலே வைக்கப் போன சல்மா உம்மா அப்படியே நின்றுவிட்டார். அவர் பிடித்திருந்தது மையித்தின் இடக்கை. நிமிர்ந்து பார்த்தார். றம்லா அவரைப் பார்க்காமல், தன் பக்கமிருந்த வலக்கையை எடுத்து, அதற்கு மேலே கொண்டுவந்து வைத்தாள்.

உடம்பு முழுக்க ஒரு தடவை தண்ணீர் பட்டால் கடமை நிறைவேறிவிடும், வலத்தில் தொடங்குவது ஒழுங்கும் நன்மையும் என்று தாய் சொல்லிக் கொடுத்தது சல்மா உம்மாவுக்குத் தெரியும். மையித்துக்கு ஒரு குறையும் இல்லை. இன்னொரு தரம் வார்த்திருக்கலாம்தான். ஆனால் கபன் துணி விரித்தாயிற்று, கற்பூரம் தூவியாயிற்று, ஆட்கள் காத்து நிற்கிறார்கள். ஐம்பது வருடம் இந்த வேலை செய்தவள் வலப்பக்கம் எது என்று தெரியாமல் கழுவிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அவர் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து றிப்னா இருவரையும் வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். கூடத்தில் சொந்தக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வெளி விறாந்தையில், ஜன்னலுக்கு அந்தப் புறம், இஹ்ஸான் மௌலவி கதிரையில் இருந்தார். அவர் முன்னமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: குளிப்பாட்டல் கூடிவிட்டது, மார்க்கப்படி செல்லும், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் றிப்னாவின் மனம் கேட்கவில்லை. அவளுக்கு உறக்கமில்லை, கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

"எங்கட உம்மா செருப்பக்கூட வலக்காலுக்குத்தான் முதல் போடுவா" என்றாள். "அவவக் கடைசியா இடப்பக்கத்தால தொடங்கிக் கழுவி அனுப்பியிரிக்கி. நான் கண்டன். இடத் தோள்தான் முதல் நனஞ்ச. கண்ணீருக்குள்ள யார்ர கை எண்டு எனக்குத் தெரியல்ல. யாரு வாத்த?"

ஒருவரும் சல்மா உம்மாவைப் பார்க்கவில்லை. கூடத்திலிருந்த அத்தனை கண்ணும் றம்லாவின் முழங்காலில் கிடந்த இடக்கைக்குத்தான் போயின. சொல்ல வேண்டும் என்று சல்மா உம்மா நினைத்தார். இப்போது சொல்கிறேன், இந்த மூச்சு விட்டதும் சொல்கிறேன் என்று நினைத்தார். றம்லா ஒரு தரம் அவர் பக்கம் திரும்பினாள். கோபமான பார்வையாக இருந்திருந்தால் சல்மா உம்மா பிறகு நிம்மதியாக உறங்கியிருப்பார். அவள் பார்த்தது, வருமா வராதா என்று தெரியாத பஸ்ஸுக்கு நிற்கிறவள் தெருவைப் பார்ப்பதுபோல். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிழ நடந்திருந்தா அது என்னாலதான் மகள். எனக்கு இடக்கைதானே. மாப்புத் தாங்க."

"உங்களச் சொல்லி என்ன. தெரிஞ்சிரிந்தும் கூப்பிட்ட எங்கடயும் பிழ" என்றாள் றிப்னா. மற்றப் பெண்கள் ஓம் ஓம் என்றார்கள். இனிமேல் அந்த வேலைக்கு வேறு ஆள் பார்ப்பது பேச்சு வராமல் இருக்க நல்லது என்று ஜன்னலுக்கு அப்பாலிருந்து மௌலவியும் சொன்னார். தேநீர் வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

வழியில் சல்மா உம்மா, "றம்லா" என்று தொடங்கினார்.

"வெயில் மதினி. கதைக்காம நடங்க" என்றாள் அவள்.

அதன் பிறகு வரவேண்டாம் என்று யாரும் றம்லாவிடம் சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். மௌத்துச் செய்தி வந்தால் சல்மா உம்மாவை மட்டும் ஏற்றிப்போக ஓட்டோ வரும். நிக்காஹ்வுக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருந்த பெண்ணின் தாய் வந்து, அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லித் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். பிறகு இன்னொருத்தி. முன்பு அவளை இடக்கை றம்லா என்றவர்கள் இப்போது பெயரையும் விட்டுவிட்டார்கள். சந்தையில் மீன் வாங்கும் இடத்தில், "அதான், மையித்த மாறிக் கழுவினவ" என்று ஒருத்தி மற்றவளுக்குக் காட்டிக் கொடுத்ததைச் சல்மா உம்மா தன் காதால் கேட்டார். கேட்டுக்கொண்டு மீனை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஒவ்வொரு இரவும் படுக்கும்போது, நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். விடிந்தால் வேறு வேலை வரும். வேலை இல்லாத நாளில், இவ்வளவு நாள் சொல்லாததற்கு என்ன காரணம் சொல்வது என்ற கேள்வி வரும். சொல்லாமல் போகப் போகச் சொல்ல வேண்டியது பெருத்துக்கொண்டே போனது. நாலாம் மாதம் றம்லாவின் மகள் றிபாவும் அவள் புருஷனும் மாவடிப்பள்ளியிலிருந்து சிறிய லொறி ஒன்றைக் கொண்டுவந்து றம்லாவின் சாமானை ஏற்றினார்கள். பெட்டி, பாய், கட்டில். ஓட்டுநர் லொறியைக் கிளப்பும்வரை சல்மா உம்மா பக்கத்தில்தான் நின்றார். "தையல் மெசினையும் கொண்டு போறயா?" என்று கேட்டார். அவ்வளவுதான் வாயில் வந்தது. ஓம் என்றாள் றம்லா.

பிறகு, மாரி தொடங்கிய நேரம், நெசவுக்காரச் சுபியானின் தாய் மௌத்தானாள். எட்டு மாதம் படுக்கையில் கிடந்த உடம்பு. இடுப்பிலும் முதுகிலும் புண். சல்மா உம்மாவோடு வந்த இரண்டு இளம்பெண்களும் கையுறை போட்டார்கள், துணியைப் பிடித்தார்கள், அதற்கு மேல் அவர்களால் ஏலவில்லை. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். சல்மா உம்மா தானே இடக்கையை உள்ளே விட்டார். அறுபத்தேழு வயதில் அந்தக் கைக்கு என்ன தெரியும்? எது போர்த்திய துணி, எது தோல் என்று அதற்குத் தெரியவில்லை. புண்ணின் ஓரத்தில் தோல் வழன்று கையோடு வந்தது. தலைமாட்டில் நின்ற மருமகள் "அல்லாஹ்வே" என்று கண்ணை மூடிக்கொண்டாள். சல்மா உம்மா குனிந்து மையித்தின் காதுக்குக் கிட்டப் போய், மன்னித்துக்கொள் என்று கேட்டார். உயிரோடு இருந்தபோது இரண்டு பேரும் ஒன்றாக ஓதப் போனவர்கள்.

அடுத்த நாள் காலையில் றிப்னாவின் வீட்டுக்குப் போனார். உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல் சொன்னார்: தண்ணீர் வார்த்தது நான், இடப்பக்கத்தில் தொடங்கியது நான், றம்லா இந்தப் பக்கம் என்று சொன்னாள், பேசாமல் துணியைப் பிடி என்று அவள் வாயை அடைத்ததும் நான்.

றிப்னா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் வருமென்று பார்த்தால் இரக்கம்தான் வந்தது.

"மாமி, தம்பிட பொண்டாட்டிய விட்டுக் குடுக்க உங்களுக்கு மனசு வரல்ல. எனக்கு விளங்குது" என்றாள். "அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான்."

"அப்பிடி இல்ல மகள். நான்தான் செஞ்ச."

"நீங்க ஐம்பது வருசமா செய்யிறீங்க. உங்களுக்கு வலம் இடம் தெரியாதா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எண்ட மனசு இப்பதான் கொஞ்சம் ஆறியிரிக்கி. மறுகா கிளற வேணாம் மாமி."

மௌலவியிடம் போனார். முடிந்துபோன சங்கதி, அடுத்தவர் குறையை மறைப்பது நல்ல குணம் என்று அவரும் சொன்னார். பக்கத்து வீடுகளில் சொல்லிப் பார்த்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை, யாரும் நம்பவும் இல்லை. ஒரு கிழமைக்குள் ஊரில் அது வேறு கதையாக உலவியது. சல்மா உம்மா எவ்வளவு பெரிய மனிசி, மச்சியின் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டாவே என்றார்கள். பள்ளிக்குப் போகும் பெண்கள் அவரைக் கண்டால் நின்று ஸலாம் சொன்னார்கள். முன்பெல்லாம் அப்படி நின்றதில்லை. சல்மா உம்மா தெருவில் இறங்குவதைக் குறைத்துக்கொண்டார்.

கடைசியாக மாவடிப்பள்ளிக்குப் போனார். காரைதீவுச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி ஓட்டோ பிடித்தார். வழி நெடுக இரண்டு பக்கமும் வயல், மழைத்தண்ணீர் வரம்பைத் தொட்டபடி நின்றது. றம்லா வாசல் வெளிச்சத்தில் மெசினைப் போட்டுப் பள்ளிக்கூடச் சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். எழுந்து வந்து பாய் விரித்தாள். றிபா தேநீர் வைத்துவிட்டு, பெரியவர்கள் கதைக்கட்டும் என்று பின்னால் போய்விட்டாள்.

சல்மா உம்மா எல்லாவற்றையும் சொன்னார். றிப்னா சொன்னதையும், ஊர் சொன்னதையும். "எல்லாரிட்டயும் சொல்லிட்டன் புள்ள. ஒருத்தரும் நம்புறாங்கல்ல" என்றார்.

"நம்ப மாட்டாங்க மதினி. அண்டைக்கு நான் சொல்லியிரிந்தாலும் நம்பியிரிக்க மாட்டாங்க. அதுக்குப் பொறகு நம்ம ரெண்டு பேருக்கும்தான் சண்ட வந்திரிக்கும்." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீங்க சொல்லுவீங்க எண்டு கொஞ்ச நேரம் பாத்தன். மறுகா விட்டுட்டன்."

சல்மா உம்மா அழுதார். றம்லா அழவேண்டாம் என்று சொல்லவில்லை, கிட்ட வரவும் இல்லை. அழுது முடியுமட்டும் தைத்த சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். அறையும் குசினியும் அப்படியே பூட்டிக் கிடக்கிறது, வந்துவிடு என்று கூப்பிட்டார் சல்மா உம்மா.

"கோவம் ஒண்டும் இல்ல மதினி. மெய்யா இல்ல. அலுத்துப் போச்சு. சின்னதிலருந்து இந்தக் கையப் பாத்துப் பாத்து நடந்து அலுத்துப் போச்சு. இஞ்ச எண்ட கைய ஒருத்தருக்கும் தெரியா. மருமகன் காலையில வயலுக்குப் போனா அந்திக்குத்தான் வருவாரு." பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. "நான் முந்திக்கிட்டா நீங்க வந்து குளிப்பாட்டுங்க. ஆனா எது சோத்துக்கை எண்டு நல்லாப் பாத்துட்டுத் தொடங்குங்க."

சல்மா உம்மா கண்ணைத் துடைத்தபடி சிரித்தார். அந்திக்கு முன்னம் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

பிறகும் இரண்டு தடவை போய் வந்தார். வரச் சொல்லி இப்போது கேட்பதில்லை. மகல்லாவில் ஏழு இளம்பெண்களைச் சேர்த்துப் பழக்கியிருக்கிறார்கள், பழக்கியது றிப்னாதான். சல்மா உம்மாவையும் மரியாதைக்குக் கூப்பிடுகிறார்கள். அவர் தண்ணீர் வார்ப்பதில்லை. தலைமாட்டில் துணி பிடித்து நிற்கிறார். புண்பட்ட உடம்பு வரும் நாட்களில் அந்தப் பிள்ளைகளின் கையைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

றம்லா மாவடிப்பள்ளியில், வயலோரத்தில் மகள் றிபாவின் வீட்டில் இருக்கிறாள். பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறாள். சாய்ந்தமருதுக்கு வருவதில்லை.